அமலேக்கியரின் கைக்குழந்தைகள் செய்த குற்றம் என்ன? – வாசகர் கேள்வி பதில்

ஒரு வருடத்தில் வேதம் முழுவதையும் வாசித்து முடிக்கும் திட்டத்தில் பல சபைகள் இப்போது யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல் புத்தகங்களுக்கு வந்திருக்கின்றன. கடிதங்களும் அங்கிருந்தே வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைக் கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம். பெயர்களும் வசன எண்களும் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி.

1 சாமுவேல் 15:3-ல் அமலேக்கியரின் ஆண், பெண், பிள்ளை, பால்குடிக்கும் குழந்தை எல்லாரையும் கொன்றுபோடச் சொல்லி சவுலுக்குக் கட்டளை வருகிறது. கூடப் படிக்கிற நண்பன் இதைக் காட்டி, “இவரா அன்பே உருவான கடவுள்?” என்று கேட்டான். பெரியவர்களிடம் கேட்டால், “தேவனுடைய வழிகளைக் கேள்வி கேட்கக் கூடாது” என்கிறார்கள். கேட்பது அவிசுவாசமா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

இல்லை தம்பி. முதலில் கேட்டவர் ஆபிரகாம். சோதோமுக்காகக் கர்த்தருக்கு முன்பாக நின்று, “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்றார் (ஆதியாகமம் 18:25). ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை இறங்கி வந்தார். கர்த்தர் ஒரு தடவைகூடக் கோபிக்கவில்லை. உங்கள் நண்பர் கேட்டதும் அதே கேள்விதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று பதில்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அவை ஏன் போதாது என்று தெரியாமல் போனால் உங்கள் நண்பரிடம் மறுபடியும் திணற வேண்டிவரும்.

“அந்த ஜனங்கள் அவ்வளவு பொல்லாதவர்கள்” என்பது ஒன்று. எமோரியரின் அக்கிரமம் நிறைவாகும் காலத்தைப் பற்றி ஆதியாகமம் 15:16 பேசுவது உண்மை. அமலேக்கியர் சோர்ந்துபோன இஸ்ரவேலரைப் பின்னாலிருந்து வெட்டினார்கள் என்று உபாகமம் 25:18 சொல்வதும் உண்மை. ஆனால் அது நடந்து பல தலைமுறை கழித்துப் பிறந்த கைக்குழந்தை யாரை வெட்டியது? அசீரியரின் நினிவே கொடுமைக்குப் பேர்போன ஊர். அதற்காக யோனாவிடம் வாதாடும்போது கர்த்தரே, வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரையும் மிருகஜீவன்களையும் சுட்டிக்காட்டுகிறார் (யோனா 4:11). அந்த இரக்கம் அமலேக்கியரின் குழந்தைக்கு ஏன் இல்லை என்று கேட்க வேதமே நமக்கு இடம் கொடுக்கிறது.

“உயிரைக் கொடுத்தவருக்கு எடுக்கவும் உரிமை உண்டு” என்பது இரண்டாவது. கர்த்தர் எடுப்பது வேறு, மனிதன் பட்டயத்தை எடுத்துக்கொண்டு “அவர் சொன்னார்” என்பது வேறு. 1637-இல் வட அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேறிகள் பீக்வாட் பழங்குடியினரின் கிராமத்தைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்தார்கள். படைத்தலைவர்களில் ஒருவரான ஜான் அண்டர்ஹில் அதை நியாயப்படுத்தியது தாவீதின் யுத்தங்களைக் காட்டித்தான். இந்தப் பதிலை யோசிக்காமல் சொல்லிப் பழகிய சபை அப்படிப்பட்டவனைத் தடுக்க வழியில்லாமல் நிற்கும்.

மூன்றாவது, “அது பழைய ஏற்பாட்டுக் கடவுள், நமக்கு இயேசு போதும்.” கேட்க இதமாக இருக்கும். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் இதையே போதித்தார், ஏறக்குறைய கி.பி. 144-இல் ரோமாபுரி சபை அவரை விலக்கியது. எபிரெய வேதத்தைத் தள்ளிய அவர் அதோடு நிற்க முடியவில்லை. சுவிசேஷங்களில் லூக்காவை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலும் பல பகுதிகளை வெட்டினார். இயேசு ஜெபித்தது சங்கீதங்களை, மேற்கோள் காட்டியது உபாகமத்தை. அவரை அந்த வேதத்திலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

இனி வசனங்களையே பக்கத்தில் பக்கம் வைத்து வாசியுங்கள். யோசுவா 10:36–39-ல் எப்ரோனிலும் தெபீரிலும் ஒருவரும் மீதியாக வைக்கப்படவில்லை. 15:13–15-ல் அதே எப்ரோனிலிருந்து காலேப் ஏனாக்கின் குமாரரைத் துரத்திவிட்டு, தெபீரின் குடிகளுக்கு எதிராகப் போகிறார். நியாயாதிபதிகள் 1:10–11-ல் அவ்விரண்டு ஊர்களிலும் மறுபடி யுத்தம். உபாகமம் 7:2 முற்றிலும் அழிக்கச் சொல்கிறது. அடுத்த வசனமே, அவர்களோடு சம்பந்தம் கலக்காதே என்கிறது. செத்தவர்களோடு யார் சம்பந்தம் பேசுவார்கள்? அமலேக்கியரும் அப்படியே. 1 சாமுவேல் 15:8-ல் ஜனங்கள் எல்லாரும் சங்காரம் செய்யப்படுகிறார்கள். 27:8-ல் தாவீது அமலேக்கியர்மேல் படையெடுக்கிறார். 30:1-ல் அவர்கள் சிக்லாகைச் சுட்டெரிக்கிறார்கள். 30:17-ல் நானூறு வாலிபர் ஒட்டகத்தில் ஏறித் தப்பிப்போகிறார்கள். பல தலைமுறை கழித்து எசேக்கியா ராஜாவின் நாட்களில்கூட மீதியான அமலேக்கியர் இருந்ததாக 1 நாளாகமம் 4:41–43 சொல்கிறது.

அக்காலத்து ராஜாக்கள் போர் வெற்றியைச் சொன்ன முறை இது. 1868-இல் சவக்கடலுக்குக் கிழக்கே தீபோனில் மோவாபின் ராஜா மேசாவின் கல்வெட்டு வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதைக் கண்டு சொன்ன கிளைன், நம் பாளையங்கோட்டைக்கு ரேனியுஸை அனுப்பிய அதே சி.எம்.எஸ். சங்கத்தின் மிஷனரி. கி.மு. 840-ஐ ஒட்டிய அந்தக் கல் இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மேசா, நேபோ ஊரைப் பிடித்து ஏழாயிரம் பேரைக் கொன்று தன் தெய்வத்துக்குச் சாபத்தீடாக்கினேன், அதாவது முற்றிலும் அழித்து ஒப்படைத்தேன் என்கிறார், இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்றும் எழுதுகிறார். அதற்குப் பிறகும் இஸ்ரவேல் ராஜ்யம் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. மெய்க்கீர்த்தி வாசித்தவர்களுக்கு இந்த நடை புதிதல்ல. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தியில் சோழரின் தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாகின்றன. சோழர்களோ 1279 வரை ஆண்டார்கள்.

அகழாய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. யெரிகோவில் 1952 முதல் 1958 வரை தோண்டிய கேத்லீன் கென்யன், அங்கிருந்த பெரிய கோட்டை நகரம் ஏறக்குறைய கி.மு. 1550-இல் அழிந்தது, யோசுவாவின் காலமாகச் சொல்லப்படும் நாட்களில் அங்கே மதில் சூழ்ந்த பட்டணம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். மறுக்கிறவர்களும் உண்டு.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள். இதெல்லாம் செத்தவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறதே தவிர, அந்தக் கட்டளை வசனத்தில் அப்படியேதான் நிற்கிறது. இங்கே விசுவாசிகள் இரண்டாகப் பிரிகிறார்கள். அது ஒரே ஒரு காலத்துக்கும் இடத்துக்கும் உரிய நியாயத்தீர்ப்பு, திரும்ப வராது என்பவர்கள் ஒரு பக்கம். அவர்கள் குழந்தையைப் பற்றிப் பதில் சொல்லியாக வேண்டும். இஸ்ரவேலர் தங்கள் காலத்துப் போர்மொழியில் தேவனைப் புரிந்துகொண்டார்கள், கிறிஸ்துவில்தான் அவர் முழுமையாக வெளிப்பட்டார் (எபிரெயர் 1:1–2) என்பவர்கள் மறுபக்கம். வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்பதன் பொருளை அவர்கள் விளக்கியாக வேண்டும். எங்கள் மனம் இரண்டாவது பக்கம்தான். வேதத்துக்குள்ளேயே அப்படியொரு திருத்தம் நடப்பதைப் பார்க்கிறோம் என்பதே காரணம். ஆகாப் ராஜாவின் வீட்டாரை வெட்டியதற்காக யெகூவை 2 இராஜாக்கள் 10:30 பாராட்டுகிறது. அந்த வெட்டு நடந்த யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வம்சத்தாரிடத்தில் விசாரிப்பேன் என்று ஓசியா 1:4 சொல்கிறது. எலியாவைப் போல வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அவர்களை அதட்டினார் (லூக்கா 9:54–55). மத்தேயு, இயேசுவின் வம்சவரலாற்றில் யெரிகோவின் ராகாபைச் சேர்க்கிறார். 15-ஆம் அதிகாரத்தில், ‘உன் விசுவாசம் பெரிது’ என்று இயேசுவிடம் பேர்வாங்கும் ஸ்திரீயைக் கானானியப் பெண் என்றே எழுதுகிறார்.

நண்பரிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டாம். “நீ கேட்டது சரியான கேள்வி. எனக்கும் அது வலிக்கிறது” என்று தொடங்குங்கள். பிறகு 1 சாமுவேல் 15, 27, 30 மூன்று அதிகாரங்களையும் அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

சங்கீதம் 137-ன் கடைசி வசனத்தை ஆராதனையில் வாசிக்கலாமா? குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்கிறது.
– சபை வாசிப்பாளர், சாயர்புரம்

முதல் ஆறு வசனங்களோடு நிறுத்துவதுதான் பல சபைகளில் வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபை 1970-களின் தொடக்கத்தில் தன் அன்றாட ஜெபநூலான திருப்புகழ்மாலையைச் சீரமைத்தபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுவதுமாகவும், வேறு சிலவற்றில் சாப வசனங்களை மட்டுமாகவும் விட்டுவிட்டது. நிறுத்துவதில் தவறில்லை. ஆனால் சபை அந்த வசனத்தை ஒருநாளும் கேட்கவே கூடாது என்று நினைக்கவேண்டாம். எருசலேம் கி.மு. 586-ஐ ஒட்டி விழுந்தபோது, சிதேக்கியா ராஜாவின் குமாரரை அவன் கண்களுக்கு முன்பாக வெட்டி, பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள் (2 இராஜாக்கள் 25:7). அதைப் பார்த்தவர்கள் பாடிய பாட்டு இது. தேவனிடம் கொட்டுகிறார்கள். கையில் ஆயுதம் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி அவர் உத்தரவிடவும் இல்லை. பழிக்குப் பழி என்று அரிவாள் தூக்குவதைக் கண்டிருக்கும் நம் பக்கத்தில், கொலையுண்டவன் வீட்டில் உட்கார்ந்து ஜெபிக்கிற ஊழியருக்கு இந்தச் சங்கீதம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டார் நினைப்பதை அது சொல்லிவிடுகிறது. சொல்லி முடித்தபின் ரோமர் 12:19-ஐ வாசிக்கலாம். முதலிலேயே அதை வாசித்து அவர்கள் வாயை அடைக்க வேண்டாம்.

மகன் வயிற்றில் இருக்கும்போது மிகவும் சிக்கலாகிவிட்டது. பிழைத்தால் ஊழியத்துக்கு விடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். இப்போது அவன் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்கிறான். யெப்தா தன் மகளையே கொடுத்தாரே, நான் வார்த்தை தவறலாமா? தினமும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மெஞ்ஞானபுரம்

அம்மா, யெப்தாவை உங்களுக்கு முன்மாதிரியாக யாரும் காட்டியிருந்தால், அவர்கள் நியாயாதிபதிகள் 11-ஐ நிதானமாக வாசிக்கவில்லை.

அந்த அதிகாரத்தில் கர்த்தர் பொருத்தனையைக் கேட்கவில்லை. பொருத்தனைக்கு முன்பே, 29-ஆம் வசனத்திலேயே, கர்த்தருடைய ஆவி யெப்தாவின்மேல் வந்தாயிற்று. ஜெயம் தந்தால் என் வீட்டிலிருந்து எதிரே வருவதைத் தகனபலியாக்குவேன் என்று 30, 31-ஆம் வசனங்களில் அவர் சொன்னது தேவையில்லாத பேரம். மகள் எதிரே வந்தபோதும், இரண்டு மாதம் கழித்து அது நிறைவேறியபோதும் வானத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஈசாக்குக்கு வந்த தூதன் இங்கே வரவில்லை. பிள்ளைகளைத் தகனிப்பதைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று உபாகமம் 12:31 வெளிப்படையாகச் சொல்கிறது. எபிரெயர் 11:32 யெப்தாவைப் பெயர் சொல்வது அவருடைய விசுவாசத்துக்காக, இந்தச் செயலுக்காக அல்ல. அதே பட்டியலில் சிம்சோனும் இருக்கிறார்.

யெப்தா திரும்பி வர வழி இருந்தது. லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. ஒருவரைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால் அவருக்குப் பதிலாகப் பணம் செலுத்தலாம். இருபது முதல் அறுபது வயது வரை ஆணுக்கு ஐம்பது சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு முப்பது. ஐந்து முதல் இருபது வயது வரை இருபதும் பத்தும். ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரை ஐந்தும் மூன்றும். அவ்வளவு கொடுக்க முடியாத ஏழைக்கு, அவன் தகுதிக்கேற்ப ஆசாரியன் மதிப்பிட வேண்டும் (27:8). யோசியாமல் ஆணையிட்டவனுக்கு அறிக்கையும் பலியும் லேவியராகமம் 5:4–6-ல் உண்டு. யெப்தா ஆசாரியன் பினெகாசிடம் போகவில்லை, பினெகாசும் தானாக இறங்கி வரவில்லை, இருவர் பெருமைக்கும் நடுவில் பெண்பிள்ளை அழிந்தாள் என்று பழைய யூத ரபீமார் சொல்லி வருந்தினார்கள்.

1 சாமுவேல் 14-ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சவுலும் இதேபோல முட்டாள்தனமாக ஆணையிட்டு, யோனத்தானைக் கொல்லத் துணிகிறார். ஜனங்கள் குறுக்கே வந்து, அவன் தலைமயிரில் ஒன்றும் தரையில் விழப்போவதில்லை என்று தடுத்து அவனைத் தப்புவிக்கிறார்கள் (14:45). கர்த்தர் அந்த ஜனங்களைத் தண்டிக்கவில்லை. யெப்தாவின் மகளுக்கு அப்படிக் குறுக்கே வந்தவர் ஒருவரும் இல்லை.

அன்னாள் சாமுவேலை ஒப்புக்கொடுத்தாரே என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அன்னாளின் பொருத்தனையோடு காரியம் முடியவில்லை. 1 சாமுவேல் 3-ல் கர்த்தர் பிள்ளையையே தேடிவந்து கூப்பிடுகிறார். சாமுவேல் எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். நான்காம் முறைதான், “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்கிறான். தாயின் வார்த்தை பிள்ளையின் அழைப்புக்கு ஈடாகாது. குருப்பட்ட ஆராதனையிலும் அழைப்பைப் பற்றிய கேள்வி பட்டம் பெறுகிறவரிடமே கேட்கப்படுகிறது, அவர் அம்மாவிடம் அல்ல.

செய்யவேண்டியது இது. மகனை உட்காரவைத்து, “அந்த நேரத்தில் பயத்தில் ஜெபித்தேன். அது என் பொருத்தனை, உன்னுடையது அல்ல. உன்னை விடுவிக்கிறேன்” என்று வாய்திறந்து சொல்லுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டால் அவன் ஒவ்வொரு முறை காய்ச்சலில் படுக்கும்போதும் நீங்கள் நடுங்குவீர்கள், அவனும் அதைக் கவனிப்பான். பிறகு சேகர குருவிடம் சொல்லி இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள். ஸ்தோத்திர காணிக்கை கொடுக்க விரும்பினால் மனப்பூர்வமாகக் கொடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மேலே சொன்ன சேக்கலை இன்றைய வெள்ளி விலையில் ரூபாயாக்கி, “இவ்வளவு கட்டினால் பொருத்தனை தீரும்” என்று கேட்கிற எந்த ஊழியரிடமும் பணம் கொடுக்காதீர்கள். லேவியர் ஆசாரியத்துவமும் ஆலயமும் இன்று இல்லை, அந்தக் கட்டணத்தை வாங்க யாருக்கும் உரிமையும் இல்லை. “நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது” என்று யாராவது சொன்னால், அந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடுங்கள்.

எலிசாவைக் கேலி செய்த நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கரடி பீறிப்போட்டதே? ஊழியக்காரரைக் குறை சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று கன்வென்ஷனில் பேசினார்கள்.
– ஒரு வாசகர், நாசரேத்

2 இராஜாக்கள் 2:23–24-ல் எலிசா கர்த்தரின் நாமத்தில் சபித்தார், கரடிகள் வந்தன என்று மட்டும் இருக்கிறது. கர்த்தர் அதை மெச்சினார் என்று எழுதியில்லை. அது நடந்த பெத்தேல், யெரொபெயாம் ஜனங்கள் வணங்கும்படி பொன் கன்றுக்குட்டியை வைத்த ஊர் (1 இராஜாக்கள் 12:28–29) என்பது சம்பவத்தின் பின்னணி. அது கடினத்தைக் குறைக்கவில்லை. எங்களுக்கும் இது விளங்காத வசனம்தான். ஆனால் கணக்குக் கேட்கிற சபையாரை மிரட்ட இதை எடுப்பது துர்ப்பிரயோகம். அதற்குத் துணையாக இழுக்கப்படும் “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமல்” என்ற சங்கீதம் 105:15, ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் ராஜாக்கள் ஒடுக்காதபடி காத்ததைப் பற்றியது. தாவீதை நாத்தான் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). கரடி வரவில்லை.

வேதம் அடிமைத்தனத்தை அனுமதிக்கிறதா? “அது வெறும் கூலிவேலை போலத்தான்” என்று எங்கள் வேதபாட ஆசிரியர் சொன்னார்.
– ஆசிரியை, திசையன்விளை

அந்த விளக்கம் பாதிதான் உண்மை, அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. கடனுக்கு வேலை செய்யும் எபிரெயன் ஏழாம் வருடம் விடுதலையாவான் (யாத்திராகமம் 21:2). அவனை வெறுமையாய் அனுப்பாதே, ஆட்டையும் தானியத்தையும் திராட்சரசத்தையும் கொடு என்கிறது உபாகமம் 15:13–14. அந்நியர் நிலை வேறு. அவர்களை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக வைக்கலாம் என்று லேவியராகமம் 25:44–46 அனுமதிக்கிறது. அடிபட்ட அடிமை ஓரிரு நாள் பிழைத்திருந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, அவன் இவனுடைய பணம் என்கிறது யாத்திராகமம் 21:21. இது கூலிவேலை அல்ல.

அதே சட்டத்தில் வேறொரு போக்கும் ஓடுகிறது. கண்ணையோ பல்லையோ கெடுத்தால் அடிமைக்கு விடுதலை (21:26–27). ஆளைத் திருடி விற்கிறவனுக்கு மரணம் (21:16). தப்பி ஓடிவந்த அடிமையை எஜமானிடம் ஒப்புக்கொடுக்காதே, அவனுக்கு விருப்பமான ஊரில் இருக்கட்டும் (உபாகமம் 23:15–16). அதே வட்டாரத்தில் அதற்கு முன்பிருந்த ஹமுராபியின் சட்டம், ஓடிப்போன அடிமையை ஒளித்துவைத்தவனுக்கு மரணதண்டனை விதிக்கிறது. யோபு இன்னும் ஒரு படி மேலே போய், என்னைத் தாயின் கர்ப்பத்தில் உண்டாக்கினவர் அவனையும் உண்டாக்கினாரே என்கிறார் (31:15).

வகுப்பில் இரண்டு போக்கையும் படிக்கக் கொடுங்கள். பிறகு மாற்கு 10:5-ஐக் காட்டுங்கள். நியாயப்பிரமாணத்தில் இருந்த ஓர் அனுமதியை, உங்கள் இருதயகடினத்தினிமித்தம் எழுதிக்கொடுத்தது என்று இயேசுவே சொன்ன இடம் அது. அங்கே பேச்சு, மனைவியை விலக்க எழுதிக்கொடுக்கும் தள்ளுதற்சீட்டைப் பற்றியது. அடிமைச் சட்டத்துக்கும் அதைப் பொருத்துவது நம் முடிவு என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிடுங்கள். அமெரிக்கத் தோட்டமுதலாளிகளின் பக்கம் நின்ற போதகர்கள் லேவியராகமம் 25-ஐத்தான் கையில் எடுத்தார்கள். நம் நாட்டிலும் 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் வரும்வரை, ஆளை அடிமைச் சொத்தாகக் கோருவதை நீதிமன்றம் ஏற்க முடிந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியட்டும்.

மே மாத வி.பி.எஸ்-க்கு (விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு) யெரிகோ கதை கொடுத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டி மதில், எக்காளம் எல்லாம் தயார். பட்டணத்தார் எல்லாரையும் கொன்றதைச் சொல்லும் யோசுவா 6:21-ஐ என்ன செய்வது?
– ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், டோனாவூர் பக்கம்

எட்டு வயதுக்குக் கீழே என்றால் ராகாபை நடுவில் வைத்துச் சொல்லுங்கள். சிவப்புநூல் கட்டிய சன்னல், வேவுகாரரைக் காப்பாற்றிய பெண், அவள் வீட்டார் எல்லாரும் பிழைத்தது. பிள்ளைகள் கைதட்டும் இடம் மதில் விழுவதாக இல்லாமல், அந்தக் குடும்பம் வெளியே வருவதாக இருக்கட்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதில், ஊரிலிருந்த மற்றவர்கள் செத்துப்போனார்கள் என்று மறைக்காமல் சொல்லலாம். வருணிக்க வேண்டாம். பதின்மூன்றுக்கு மேல் 6:21-ஐ அவர்களே சத்தமாக வாசிக்கட்டும். உடனே விளக்காமல் ஐந்து நிமிடம் அவர்களைப் பேசவிடுங்கள். நியாயாதிபதிகள் 19-ஐ எந்த வி.பி.எஸ்-சிலும் எடுக்க வேண்டாம், அது பெரியவர்கள் வேதபாடத்துக்குரியது.

பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம், “அவர்கள் விக்கிரகம் கும்பிட்டார்கள், அதனால் கர்த்தர் அழித்தார்” என்ற ஒற்றை வரி. எட்டு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போகும் தன் கூட்டாளியை நினைக்கும். “அப்போ அவனையும் அழிச்சிருவாரா, டீச்சர்?” என்று சில பிள்ளைகள் கேட்டுவிடும். கேட்காத பிள்ளை அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகும், அது இன்னும் மோசம். அந்த வரியைச் சொல்லவே சொல்லாதீர்கள். நம் தெருவில் இருப்பவர்களைக் கானானியராக ஒப்பிட்டுப் பாடும் ஆக்‌ஷன் பாட்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிள்ளை கேட்டால், “இல்லை கண்ணு. அவனை அழிக்கச் சொல்லி இயேசு யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா, மிட்டாய் இருக்கிறது” என்று நேராகப் பதில் சொல்லுங்கள். மிட்டாய்க் கணக்கில் வெளிப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.